குளிர்நாட்டுக்காரர் போட்ட கணக்கு

ப்ளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்கு அர்ஹீனியஸ் என்ற பெயர் மறந்திருக்காது. நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சில் அயனியைத் தருவது காரம் என்று மனப்பாடம் செய்தோமே, அது அவர் சொன்னது. வெப்பநிலை ஏறினால் வேதிவினை எவ்வளவு வேகமாகும் என்று சொல்லும் சமன்பாடும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பொறியியல் மேல்படிப்பில் அந்தச் சமன்பாட்டை மறுபடி சந்தித்தேன். ஒரு மின்னணுச் சில்லு இருபது வருடம் உழைக்குமா என்று அறிய இருபது வருடம் காத்திருக்க முடியாது. அதிகச் சூட்டில் வைத்துச் சில வாரங்கள் சோதித்துவிட்டு, அர்ஹீனியஸ் சமன்பாட்டைக் கொண்டு ஆயுளைக் கணித்துவிடுவார்கள்.

இதே மனிதர்தான், காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று முதன்முதலில் கணக்குப் போட்டவர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு மதிய உணவு விவாதத்தால் அது தெரிய வந்தது. உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், நன்றாகப் படித்தவர், புவி வெப்பமடைதல் பற்றிய எச்சரிக்கைகளெல்லாம் வெறும் பூச்சாண்டி என்றார். கரியமில வாயு உறிஞ்சக்கூடிய வெப்பக்கதிரையெல்லாம் ஏற்கெனவே உறிஞ்சிவிட்டது, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் என்ன ஆகிவிடும் என்பது அவர் வாதம். கறுப்புத் திரை போட்ட ஜன்னலுக்கு இன்னொரு கறுப்புத் திரை போட்டால் அறை மேலும் இருட்டாகுமா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனபோது, அந்த வாதம் 1900-ஆம் வருடத்தைச் சேர்ந்தது என்பதும், அது எழுந்தது நம் பாடப்புத்தக அர்ஹீனியஸுக்கு எதிராகத்தான் என்பதும் தெரிந்தன. அவர் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1859 பிப்ரவரி 19 அன்று ஸ்வீடனில் உப்சாலா நகருக்கு அருகே விக் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை நில அளவையாளர், உப்சாலா பல்கலைக்கழகத்தின் நிலங்களைப் பார்த்துக்கொண்டவர். மூன்று வயதில் யாரும் சொல்லித்தராமலே படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, அப்பா கணக்குப் புத்தகத்தில் கூட்டல் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே கணக்கில் கெட்டிக்காரனாகிவிட்டது. அவர் பிறந்த அதே 1859-இல்தான் லண்டனில் ஜான் டிண்டால் என்பவர், நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக்கதிரை உறிஞ்சுகின்றன என்று சோதனைக்குழாய் வைத்து அளக்கத் தொடங்கினார்.

உப்சாலாவில் படித்த அர்ஹீனியஸ் அங்கிருந்த ஆசிரியர்களோடு ஒத்துப்போகாமல் 1881-இல் ஸ்டாக்ஹோம் சென்று எரிக் எட்லுண்டிடம் ஆராய்ச்சி செய்தார். 1884-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை உப்சாலாவில் சமர்ப்பித்தார். உப்பை நீரில் கரைத்தால் அது மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்ததுதான். சோடியம் தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும், குளோரின் விஷ வாயு. இரண்டும் தனித்தனியாக உப்புத் தண்ணீரில் மிதக்கின்றன என்பதை அந்நாளைய பேராசிரியர்களால் ஏற்க முடியவில்லை. நான்காம் வகுப்பு மதிப்பீடு கொடுத்தார்கள். நேர்முக விவாதத்துக்குப் பிறகு அதை மூன்றாக உயர்த்தினார்கள். அதோடு அவருடைய பல்கலைக்கழக வாழ்க்கை முடிந்திருக்க வேண்டியது. அவர் ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். ரீகாவிலிருந்து வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் புறப்பட்டு உப்சாலாவுக்கே வந்து அந்த இளைஞருக்கு வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். எந்தக் கருத்துக்காக மூன்றாம் வகுப்புக் கிடைத்ததோ அதற்காகவே 1903-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நடுவில் நடந்ததுதான் நம் கதை. 1891-இல் அவர் ஸ்டாக்ஹோம் உயர்கல்விக் கழகத்தில் ஆசிரியரானார். அங்கே இயற்பியல் சங்கம் ஒன்று கூடும். பனியுகம் ஏன் வந்தது, ஏன் போனது என்பது அப்போது சூடான விவாதம். ஒரு காலத்தில் ஸ்வீடன் முழுவதும் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனிக்கட்டி மூடியிருந்தது என்பதை அந்த நாட்டுப் பாறைகளே சொல்லும். காற்றில் கரியமில வாயு கூடிக் குறைந்ததுதான் காரணமோ என்று அர்ஹீனியஸுக்குத் தோன்றியது. எவ்வளவு குறைந்தால் பனியுகம் வரும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று 1894 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உட்கார்ந்தார்.

பென்சிலும் தாளும் மட்டுமே கருவி. தேவையான அளவீடு ஒன்று அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. சாமுவேல் லாங்லி என்ற வானியலாளர் நிலாவின் வெப்பநிலையை அறிவதற்காக, நிலவொளியில் வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து வைத்திருந்தார். நிலா உச்சியில் இருக்கும்போது கதிர் கொஞ்சம் காற்றைக் கடந்து வரும், அடிவானில் இருக்கும்போது நிறையக் காற்றைக் கடந்து வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து நீராவியும் கரியமில வாயுவும் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பிரித்தெடுக்கலாம். யாரோ வேறு எதற்கோ எடுத்துவைத்த தரவைக் கொண்டு தன் கேள்விக்கு விடை காண்பது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் ஒருவர் கையாலேயே அதைச் செய்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு நிஜமாகவே பொறாமை வந்தது.

வடக்கே 70 டிகிரி அட்சரேகையிலிருந்து தெற்கே 60 டிகிரி வரை, பத்துப் பத்து டிகிரியாக, நான்கு பருவங்களுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டார். வெப்பம் ஏறினால் காற்றில் நீராவி கூடும், அந்த நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும், பனி உருகினால் தரை கறுக்கும் என்ற சுழற்சிகளையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த வருடத்தில் அவர் இல்லறமும் உடைந்துகொண்டிருந்தது. தம் மாணவி சோஃபியா ருட்பெக்கை 1894-இல்தான் மணந்திருந்தார். 1895-இல் மகன் ஓலோஃப் பிறந்தான். 1896-இல் மணமுறிவு ஆகிவிட்டது. கணக்கில் மூழ்கியதால் வீடு உடைந்ததா, உடையும் வீட்டை மறக்கக் கணக்கில் மூழ்கினாரா என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

1895 டிசம்பரில் ஸ்வீடன் அறிவியல் கழகத்தில் முடிவை அறிவித்தார். 1896 ஏப்ரலில் லண்டனின் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் கட்டுரை வெளியானது. கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியின் சராசரி வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் உயரும். வாயு பெருக்கல் வரிசையில் கூடினால் வெப்பநிலை கூட்டல் வரிசையில் ஏறும். துருவப் பக்கம் அதிகமாகவும், கோடையைவிடக் குளிர்காலத்தில் அதிகமாகவும், பகலைவிட இரவில் அதிகமாகவும் சூடேறும். பிற்காலத்தில் அவரே இரட்டிப்புக்கு 4 டிகிரி என்று குறைத்துக்கொண்டார். இன்றைய ஆய்வுகள் சுமார் 3 டிகிரி என்கின்றன. தரவில் ஓட்டை இருந்தது, சில பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, அதிர்ஷ்டமும் துணை நின்றது என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், பென்சிலால் போட்ட கணக்குக்கு இது பெரிய விஷயம்.

இந்தக் கணக்கைக் கேட்டு உலகம் பதறியதா? இல்லை. முதலில் பதறாதவர் அர்ஹீனியஸேதான். அவர் தேடியது பனியுகத்துக்கு விடை. அவருடைய சகா ஆர்விட் ஹோக்பாம் என்ற நிலவியலாளர், எரிமலை, பாறை, கடல், காடு என்று கரியமில வாயு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கணக்கெடுத்தவர். உலகம் அப்போது ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் நிலக்கரி எரித்தது. அதிலிருந்து வருவது காற்றிலுள்ள கரியமில வாயுவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்று ஹோக்பாம் சொன்னார். அதில் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிடும் என்று எண்ணியதால், நிலக்கரியால் காற்று கணிசமாக மாற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பது அர்ஹீனியஸின் மதிப்பீடு. 1904-இல் நிலக்கரி எரிப்பு 90 கோடி டன்னை நெருங்கிவிட்டதைக் கண்டு, சில நூற்றாண்டுகளிலேயே மாற்றம் தெரியலாம் என்று 1906-இல் வெளியிட்ட பொதுமக்களுக்கான நூலில் கணக்கைத் திருத்தினார். இன்று உலகம் எரிப்பது ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கும் மேல்.

ஆனால் அந்த நூலில் அபாயச் சங்கு எதையும் அவர் ஊதவில்லை. சந்ததிகளுக்கு இதமான தட்பவெப்பம் அமையும், குளிர்நாடுகளில் விளைச்சல் பெருகும், பெருகும் மக்கள்தொகைக்குச் சோறு கிடைக்கும், அடுத்த பனியுகமும் தள்ளிப்போகும் என்று மகிழ்ந்தார். அவருடைய நண்பராக இருந்து பிறகு பகையாளியான வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு படி மேலே போய், உபயோகமில்லாத நிலக்கரிப் படுகைகளைக் கொளுத்திவிட்டு பூமியைச் சூடாக்கலாமே என்று யோசித்தாராம். 1911-இன் கோடை பல நாடுகளில் கடுமையாக இருந்தது. மறுவருடம் மார்ச் மாதம் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகை, ஆண்டுக்கு 200 கோடி டன் நிலக்கரி எரிந்து 700 கோடி டன் கரியமில வாயு காற்றில் சேர்கிறது என்று எழுதியது. அந்தச் செய்தித் துணுக்கை ஆகஸ்டில் நியூசிலாந்தின் சிற்றூர்ப் பத்திரிகை ஒன்று எடுத்துப் போட்டது. யாரும் அலறியதாகத் தெரியவில்லை. பருவநிலை மாற்றம் நேற்று கிளப்பிய புரளி என்று சொல்பவர்களுக்கு அந்தப் பழைய துணுக்கைக் காட்டலாம்.

எதிர்ப்பும் வந்தது, அதுவும் உப்சாலாவிலிருந்தே. நூட் ஆங்ஸ்ட்ரம் அங்கே இயற்பியல் பேராசிரியர். ஆங்ஸ்ட்ரம் என்ற அளவு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய மகன். 1900-இல் தம் உதவியாளரை விட்டு ஒரு சோதனை செய்யச் சொன்னார். 30 சென்டிமீட்டர் நீளக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து வெப்பக்கதிரை உள்ளே செலுத்தினார்கள். பிறகு வாயுவின் அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். உறிஞ்சும் அளவு ஒரு சதவீதம்கூட மாறவில்லை. கரியமில வாயு தன்னால் முடிந்ததை ஏற்கெனவே உறிஞ்சிவிட்டது, மிச்சத்தை நீராவி பார்த்துக்கொள்கிறது, கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுமில்லை என்பது முடிவு. என் நண்பரின் கறுப்புத் திரை வாதத்தின் பூர்வீகம் இதுதான்.

ஆங்ஸ்ட்ரமை வில்லனாக்க நான் விரும்பவில்லை. நியாயமான கேள்வியைச் சோதனை செய்து கேட்டார். அர்ஹீனியஸின் தரவு பலவீனமானது என்பதும் உண்மை. 1901-இல் அர்ஹீனியஸ் பதில் எழுதினார். அவருடைய நண்பரான வானிலையாளர் நில்ஸ் எக்ஹோல்மும் அதே ஆண்டில் இதைத் தெளிவாக எழுதினார். விஷயம் இதுதான். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்கதிர் ஒரே பாய்ச்சலில் விண்வெளிக்குப் போவதில்லை. காற்று அதை உறிஞ்சி மறுபடி வெளியிட, அடுக்கு அடுக்காக மேலே போகிறது. கடைசியில் எந்த உயரத்தில் காற்று போதிய அளவு மெலிந்திருக்கிறதோ அங்கிருந்துதான் தப்பிக்கிறது. கரியமில வாயுவைக் கூட்டினால் அந்த உயரம் இன்னும் மேலே நகரும். அங்கே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாகத்தான் வெப்பத்தை வெளிவிடும். ஆகவே வரவு செலவு சரியாகும் வரை கீழே எல்லாம் சூடேற வேண்டும். ஒரு குழாயை வைத்து இதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் குழாய்க்கு மேல்தட்டு கிடையாது.

இந்த எக்ஹோல்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1896 கோடையில் ஆந்த்ரே என்பவர் ஹைட்ரஜன் பலூனில் வடதுருவம் போகத் திட்டமிட்டு ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குச் சென்றார். உடன் பறக்க வேண்டியவர்களில் எக்ஹோல்ம் ஒருவர். அர்ஹீனியஸும் அந்தப் பயணக் குழுவோடு தீவுக்குப் போயிருந்தார். காற்று சாதகமாக வீசாததால் அந்த வருடம் பலூன் கிளம்பவில்லை. எக்ஹோல்ம் இதற்குள் பலூனிலிருந்து வாயு கசியும் அளவை அளந்து பார்த்து, இது துருவம் வரை தாங்காது என்று சொல்லி விலகிக்கொண்டார். நாடே கொண்டாடிய பயணத்திலிருந்து விலகுவது லேசான காரியமில்லை. 1897-இல் ஆந்த்ரேயும் இன்னும் இருவரும் பறந்தார்கள், திரும்பவில்லை. 1930-இல் ஒரு பனித்தீவில் அவர்கள் எச்சங்கள் கிடைத்தன. பலூன் விஷயத்தில் எக்ஹோல்ம் அவநம்பிக்கையாளர், கரியமில வாயு விஷயத்தில் ஆதரவாளர். இரண்டிலும் அளவீடு சொன்ன பக்கம் நின்றார். சந்தேகப்படுவது எப்படி என்பதை எனக்கு இந்த இரண்டாம்நிலைப் பாத்திரம்தான் கற்றுக்கொடுத்தது.

பதில் எழுதியாகிவிட்டது, யாரும் படிக்கவில்லை. ஆங்ஸ்ட்ரம் சொன்னதே போதும் என்று வானிலை அறிஞர்கள் கோப்பை மூடிவிட்டார்கள். இயற்கை தானே சமன் செய்துகொள்ளும், மனிதன் எம்மாத்திரம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அர்ஹீனியஸும் அதற்காகப் போராடவில்லை. 1905-இல் நோபல் நிறுவனத்தின் இயற்பிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநரானார். அதே ஆண்டு மரியா யோஹான்சனை மறுமணம் செய்துகொண்டார். நஞ்சு முறிவு, வால்மீன், விண்வெளியிலிருந்து உயிர் வந்த கதை என்று பல துறைகளில் கால் வைத்தார்.

அவருடைய பிற்காலத்தில் நமக்குப் பிடிக்காதவையும் உண்டு. நோபல் குழுவில் செல்வாக்கு மிகுந்தவராகி, தம் அயனிக் கொள்கையை விமர்சித்த மெண்டலீவுக்கும், பகையாளி நெர்ன்ஸ்டுக்கும் பரிசு கிடைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நெர்ன்ஸ்டுக்குப் பிறகு கிடைத்தது. மெண்டலீவ் கிடைக்காமலே இறந்தார். நம்பாதவர்களால் அவதிப்பட்ட இளைஞர், நாற்காலி கிடைத்ததும் தம்மை நம்பாதவர்களை மன்னிக்கவில்லை. மனித இனத்தையே தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற அக்காலக் கொள்கையையும் ஆதரித்தார். விஞ்ஞானம் எதைச் செய்தாலும் நன்மையில் முடியும் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை அவருக்கு. பூமி சூடேறுவதை வரவேற்றதும் அதே நம்பிக்கையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1927 அக்டோபர் 2 அன்று ஸ்டாக்ஹோமில் காலமானார். உப்சாலாவில் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1938-இல், கை காலண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியாளர் பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, பூமி ஏற்கெனவே சூடேறத் தொடங்கிவிட்டது என்றபோது, லண்டன் வானிலைச் சங்கத்தார் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சந்தேகப்பட்டார்கள். அவரும்கூடச் சூடேற்றம் நல்லது என்றே நினைத்தார். 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலைமேல் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்த பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. 2024-இல் 424. கீலிங் பணிபுரிந்த கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் குஸ்தாஃப் அர்ஹீனியஸ் என்றொரு விஞ்ஞானி இருந்தார். அந்தக் கணக்கு வருடத்தில் பிறந்த ஓலோஃபின் மகன் அவர். 2018-இல் ஸ்வீடன் பாராளுமன்றத்தின் முன் பதாகையோடு உட்கார்ந்த கிரெட்டா துன்பெர்கின் அப்பாவுக்கு ஸ்வாந்தே என்று பெயர். தூரத்து உறவான இந்த விஞ்ஞானியின் நினைவாக வைத்தது. தாத்தா வரவேற்றதைக் கண்டு பேத்தி தலைமுறை பதறுகிறது. பதறுவதைக் கண்டு கேலி செய்கிறவர்கள் இன்றும் ஆங்ஸ்ட்ரமின் குழாயைத்தான் தூக்கி வருகிறார்கள், அவருடைய நேர்மை இல்லாமல்.

அர்ஹீனியஸின் 1896 அட்டவணையை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். நண்பரிடம் அடுக்குகளைப் படம் போட்டு விளக்கினேன். யோசிக்கிறேன் என்றார், அது எனக்குப் போதும். அட்டவணையின் மேல் வரி ஸ்வீடன் இருக்கும் வடக்கைச் சொல்கிறது. இரட்டிப்பானால் அங்கே சுமார் 6 டிகிரி. கீழே வந்தால் 10 டிகிரியிலிருந்து 20 டிகிரி வரையிலான வரி ஒன்று இருக்கிறது. சென்னை அதற்குள் வரும். சுமார் 5 டிகிரி என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். அந்த வரியையும் அவர்தான் கணக்கிட்டார். ஆனால் மகிழ்ந்தபோது மேல் வரியை மட்டுமே பார்த்திருக்கிறார். மே மாத மத்தியானத்தில் வயலில் நிற்பவருக்கு 5 டிகிரி என்றால் என்ன என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்களுக்குத் தெரியும். ஆனாலும் போன ஜனவரியில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டே, கொஞ்சம் சூடானால்தான் என்ன என்று நானே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். குடியிருப்பது மேல் வரியில். அம்மாவும் அப்பாவும் இருப்பது கீழ் வரியில்.